கால்வலிக் கட்சி ஆட்சியில் இருந்த காலம்

பதவியேற்ற அன்று சின்னவளால் அமைச்சர் நாற்காலியில் உட்கார முடியவில்லை. முழங்காலை மடக்கினாள், முதுகைச் சாய்த்தாள், உட்காருகிற மனிதர்கள் செய்வதையெல்லாம் ஒன்று விடாமல் செய்து பார்த்தாள். நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாண் காற்று அசையாமல் இருந்தது. அந்தரத்தில் இருந்தபடியே முதல் கோப்பில் கையெழுத்துப் போட்டாள். பேருந்து நிலையத்தில் நடத்துநர்களுக்குக் கழிப்பறை கட்டுவது பற்றிய கோப்பு அது. கழிப்பறை அந்த வருஷமே கட்டி முடிக்கப்பட்டது, கதவுத் தாழ்ப்பாள் உட்பட இன்றைக்கும் நல்ல நிலையில் இருக்கிறது.

கட்சியின் முழுப் பெயர் நிற்கும் உழைப்பாளர் கட்சி. அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர்களுக்கே வழி தெரியாது. கால்வலிக் கட்சி என்று சொன்னால் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அது ஒரு பெரிய துணிக்கடையின் இரண்டாம் மாடியில் பிறந்தது. அங்கே விற்பனைப் பெண்கள் காலையில் ஷட்டர் தூக்குவதிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். உட்கார ஒரு பலகைகூடக் கிடையாது, சுவரில் சாய்ந்தால் சம்பளத்தில் பிடித்தம். படுக்கை விரிப்புப் பிரிவில் இருந்த பெரியவள்தான் ஒருநாள் மேலாளரிடம் போய், ஆள் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்று கேட்டாள். உட்கார்ந்தால் சோம்பல் வரும், வருகிறவர்களுக்கு மரியாதை போய்விடும் என்றார் மேலாளர். சட்டைத் துணிப் பிரிவில் இருந்த அவள் தங்கை சின்னவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அவள் மாடிப்படியில் நின்று கத்தினாள், மற்ற மாடிகளில் இருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து கேட்டார்கள். கேட்டது அக்கா, பேசியது தங்கை; கட்சியின் வரலாறு அவ்வளவுதான்.

பிறகு நின்றே வேலை செய்கிற மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். முடிதிருத்துபவர்கள், வங்கி வாசல் காவலாளிகள், இஸ்திரி போடுகிறவர்கள், லிஃப்ட் இயக்குகிறவர்கள். கட்சி அலுவலகம் ஒரு பழைய அரிசிக்கடை. அங்கே நாற்காலி கிடையாது. நாற்காலி வாங்கக் காசில்லாமல் ஆரம்பித்தது, பின்னால் அதுவே வழக்கமாகிவிட்டது. எந்த முடிவானாலும் நின்றுகொண்டே பேசி, கடைசி ஆள் தலையாட்டும்வரை நின்று, அதற்கப்புறம்தான் கலைவார்கள். கால் வலித்தால் பேச்சு தானாகச் சுருங்கும் என்பது தலைவரின் கணக்கு. அவர் ஒரு முடிதிருத்துநர், வாய் ஓயாதவர், அவர் பேச்சு மட்டும் சுருங்கியதே இல்லை. சுவர் முழுக்கத் தோள் உயரத்தில் எண்ணெய்க் கறை படிந்திருக்கும். தேர்தல் அறிக்கை ஒரே வரி: நின்று வேலை செய்பவருக்கு ஒரு ஸ்டூல், அதில் உட்கார அனுமதி. அச்சகத்துக்காரர் மிச்சப் பக்கத்தில் என்ன போடுவது என்று கேட்டு, கடைசியில் தன் அச்சகத்தின் விளம்பரத்தையே போட்டுக்கொண்டார்.

அந்தத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. கால்வலிக் கட்சிக்கு ஐந்து இடம் கிடைத்தது: முடிதிருத்துநர், சின்னவள், ஒரு காவலாளி, ஓர் இஸ்திரிக்காரர், ஒரு லிஃப்ட்காரர். அதுவரை அரிசிக்கடை இருந்த சந்துப் பக்கமே எட்டிப் பார்க்காத பெரிய கார்கள் சந்து முனையில் வந்து நின்றன. உள்ளே நுழைய இடமில்லாததால் பெரிய கட்சியின் தலைவர் நடந்தே வந்தார். எது கேட்டாலும் "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்பார், அதனால் ஊரில் அவருக்குப் பார்க்கலாம் என்றே பெயர். ஸ்டூல் சட்டத்தை முதல் கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும் என்று சின்னவள் சொன்னபோதும் பார்க்கலாம் என்றார். இவர்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் முதலமைச்சரானார், சின்னவளுக்குப் பொது வசதித் துறை கிடைத்தது. கழிப்பறை, குடிநீர்க் குழாய், பேருந்து நிழற்குடை, பூங்கா பெஞ்சு எல்லாம் அந்தத் துறையில் வரும்.

உட்கார முடியாத விஷயத்தை முதலில் மருத்துவர்களிடம் காட்டினார்கள். எலும்பு சுத்தம், நரம்பு சுத்தம், ரத்தத்தில் இரும்பு மட்டும் கொஞ்சம் குறைவு என்றார்கள். தச்சரை வரவழைத்து ஒரு சாண் உயரமான நாற்காலி செய்தார்கள். அவள் அதற்கும் மேலே ஒரு சாண் உயர்ந்துகொண்டாள். பெஞ்சு, பாய், வெறுந்தரை எல்லாவற்றிலும் இதே கதைதான். படுத்தால் மட்டும் பிரச்சினை இல்லை. பத்திரிகைக்காரர்கள் அளவுகோல் கொண்டுவந்து இரண்டு வாரம் படம் எடுத்தார்கள், சர்க்கரை விலை ஏறியதும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். காரில் தலை இடித்ததால் துறையிலிருந்து ஒரு வேன் கொடுத்தார்கள். ஓட்டுநர் பள்ளத்தில் மட்டும் மெதுவாகப் போவார், ஏனென்றால் வேன் இறங்கும்போது அம்மா கூடவே இறங்குவதில்லை.

அவையில் அவள் மட்டும் அந்தரத்தில் இருப்பது பார்க்க ஒருமாதிரி இருந்தது. எதிர்க்கட்சி வரிசையில் சிலர் சிரித்தார்கள். அன்றைக்கே முடிதிருத்துநர் எழுந்தார். "எங்க பொண்ணு உட்கார முடியாத இடத்துல நாங்களும் உட்கார மாட்டோம். ஸ்டூல் சட்டம் வர்ற வரைக்கும் அஞ்சு பேரும் நிப்போம்" என்றார். காவலாளி, இஸ்திரிக்காரர், லிஃப்ட்காரர் மூவரும் உடனே எழுந்து அவர் பக்கத்தில் நின்றார்கள். சின்னவளும் காலை நீட்டித் தரையில் ஊன்றி எழுந்து நின்றாள். அன்றிலிருந்து அவை கூடிய நாளெல்லாம் அந்த ஐவரும் நின்றார்கள். நிற்பது அவர்களுக்குப் புதிதில்லை. அவைக் காவலர்களுக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று, அவர்களும் நிற்கிறவர்கள்தானே.

கட்சி சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த வருஷங்களில் நகரத்தின் நிழற்குடைகள் எல்லாவற்றுக்கும் கூரை வந்தது. போக்குவரத்துக் காவலர்களுக்கு வெயில் மறைப்பு வந்தது. லிஃப்ட்காரர்களின் வேலை நேரம் குறைந்தது, சலவைக்கூடங்களில் மின்விசிறி மாட்டினார்கள், கடைகளில் வேலைக்காரர்களுக்கும் குடிதண்ணீர் வைக்க வேண்டும் என்று உத்தரவு போனது. கூட்டணி ஆட்சியில் நம் சாதனைகள் என்று கட்சி வருஷாவருஷம் ஒரு சின்னப் புத்தகம் போட்டது, அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஸ்டூல் சட்டம் மட்டும் அடுத்த கூட்டத்தொடருக்கு, அதற்கடுத்த கூட்டத்தொடருக்கு என்று தள்ளிக்கொண்டே போனது. துணிக்கடை முதலாளிகள் பெரிய கட்சிக்கு வேண்டப்பட்டவர்கள். அது எல்லாருக்கும் தெரியும், யாரும் மறைக்கவும் இல்லை.

இதற்கு நடுவில்தான் கடை நேரச் சட்டம் வந்தது. கடைகள் இரவில் கூடுதலாக ஒரு மணி நேரம் திறந்திருக்கலாம், வியாபாரம் பெருகும் என்றார்கள். அமைச்சரவையில் சின்னவள் முடியாது என்றாள். "இதுக்கு மட்டும் ஒத்துக்கோம்மா, அடுத்தது உன் ஸ்டூல்தான்" என்றார் பார்க்கலாம். ஒரு மணி நேரம்தானே, சட்டம் வந்துவிட்டால் அந்த நேரமும் உட்கார்ந்துகொள்வார்களே என்று அவளும் மனசைத் தேற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடும்போது மேஜை கொஞ்சம் கீழே போனது மாதிரி இருந்தது. அளந்து பார்த்தார்கள், ஒரு சாண் இப்போது ஒரு முழமாகி இருந்தது.

பெரியவள் அந்தக் கடையிலேயேதான் இருந்தாள். அமைச்சர் பங்களாவுக்கு வா என்று தங்கை எத்தனையோ தரம் கூப்பிட்டும் அவள் தங்கள் இரண்டு அறை வீட்டை விட்டு நகரவில்லை. நின்று நின்று அவள் கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. கடை நேரம் நீண்ட வருஷத்தில் இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்தது, ஆறவே இல்லை. இப்படியே நின்றுகொண்டிருந்தால் கால் தங்காது என்று மருத்துவர் பட்டென்று சொல்லிவிட்டார். சின்னவள் துணிக்கடை முதலாளிக்கு ஒரே ஒரு போன் செய்தால் போதும், ஸ்டூல் என்ன, சாய்வு நாற்காலியே வரும். போன் செய்யட்டுமா என்று அவள் கேட்டதும் பெரியவளுக்கு வந்ததே கோபம். "எனக்கு மட்டும் ஸ்டூல் போட்டா, பக்கத்துல நிக்கற பொண்ணு மூஞ்சிய நான் எப்படிடி பாப்பேன்?" என்று கேட்டு, மறுநாளும் வேலைக்குப் போனாள். சின்னவளுக்கு அதற்கப்புறம் சட்டம் என்றால் அந்தக் கால்தான். தூக்கத்திலும் அது கண்ணெதிரில் நின்றது.

நாலாவது வருஷம் வேறு வழியில்லாமல் சட்ட முன்வரைவு அவைக்கு வந்தது. வந்த வேகத்திலேயே, அதை ஆய்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று பெரிய கட்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. ஆய்வுக் குழுவுக்குப் போன முன்வரைவுகள் அங்கேயே வயதாகி இறந்துபோவது வழக்கம். எதிர்க்கட்சி எதிர்த்தது, கால்வலிக் கட்சியும் எதிர்த்தது. ஐந்து பேரும் எதிர்த்தால் தீர்மானம் தோற்றுவிடும். அவைத் தலைவர் வழக்கம்போல, ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம், எதிர்ப்பவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம் என்றார். எழுத்தர் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார். நின்றுகொண்டிருந்த ஐவரையும் ஆதரவில் சேர்த்து எண்ணினார். முடிதிருத்துநருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயா, நாங்க வேண்டாங்கறோம், வேண்டாங்கறோம்!" என்று கத்தினார்.

"விதியில வாயப் பத்தி ஒண்ணும் சொல்லலையே, காலப் பத்தித்தான் சொல்லியிருக்கு" என்றார் அவைத் தலைவர். நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் சொன்னார். மற்ற நாட்களில் சாதாரணத் தீர்மானங்கள் குரல் வாக்கிலேயே போய்விடும். அரசை ஆதரித்து எண்ணும்போது இவர்கள் நிற்பது தோதாகவும் இருந்தது. எதிர்க்க வேண்டிய நாள் ஒன்று வரும், அன்றைக்கு உட்கார வேண்டியிருக்கும் என்று ஐந்து பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சொந்தச் சட்டத்தைச் சொந்தக் காலாலேயே புதைத்துவிட்டு வெளியே வந்தார்கள். ஊர் சிரித்தது. துணிக்கடைப் பெண்கள் சிரிக்கவில்லை.

ஆய்வுக் குழு எல்லாரும் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக வேலையை முடித்தது. முன்வரைவு திரும்பி வரும்போது பெரிய கட்சி அதில் ஒரு திருத்தம் வைத்திருந்தது: முதலாளி விரும்பினால் ஸ்டூல் கொடுக்கலாம். அவ்வளவுதான். விரும்பாவிட்டால் என்ன என்று யாரும் கேட்கத் தேவையில்லை. எண்ணிக்கை எப்படிப் பார்த்தாலும் ஐவரும் உட்கார்ந்தால்தான் திருத்தம் தோற்கும், நால்வர் போதாது. அரிசிக்கடையில் நின்றுகொண்டு வெகுநேரம் சண்டை போட்டார்கள். சபதத்தை விட்டுவிட்டு உட்காரலாம் என்று கடைசியில் நால்வரும் தலையாட்டினார்கள், கண் கலங்கித்தான் ஆட்டினார்கள். சின்னவளும் ஆட்டினாள். ஆனால் அவள் உட்கார்ந்தாலும் ஒரு முழம் மேலே இருப்பாள். அந்தரத்தில் இருப்பது விதிப்படி உட்கார்ந்ததாகாது என்று அவைத் தலைவர் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்.

கடைக்கு விடுமுறை நாளன்று மதியம் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். பெரியவள் சுவரில் முதுகைச் சாய்த்து, காலைத் தலையணைமேல் நீட்டியிருந்தாள். மருந்து, பஞ்சு, புதுத் துணிக்கட்டு எல்லாம் பக்கத்தில் தயாராக இருந்தன.

"என்னடி மேலயே இருக்க? கீழ வா, கட்டு பிரிக்கணும்."

"வர முடிஞ்சா வர மாட்டேனா அக்கா?"

"அஞ்சு பேரும் சேந்து நின்னீங்களாமே."

"உங்களுக்காகத்தான் நின்னோம்."

"எங்களுக்காகவா?" பெரியவள் சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நிக்கறதுக்கு எங்களுக்குத் தெரியாதா? அதுக்கு ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பணுமா? நீ போய் உட்காரு, எங்களயும் உட்கார வைன்னுதான அனுப்பினோம். அங்கயும் போய் நின்னுட்டு, அதுல பெருமை வேற."

சின்னவள் மருந்தை எடுக்கக் கையை நீட்டினாள், எட்டவில்லை.

"அந்த ஒரு மணி நேரம் கூட்டினது, நீயும் கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

"தெரியும். நீயே சொல்லட்டும்னு இருந்தேன். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துல யாரும் வர மாட்டாங்கடி. லைட்ட பாத்துக்கிட்டே நிப்போம்."

சின்னவள் அழுதாள். நாலு வருஷமாக யார் முன்னாலும் அழாதவள், அந்தரத்தில் இருந்தபடியே முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவளுக்கு அவமானமாக இருந்தது, அதைவிட அக்காவின் கால் போய்விடுமே என்று பயமாக இருந்தது. பெரியவள், "சரி, அழுதது போதும், மடியக் காட்டு" என்று சொல்லி, இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கித் தங்கையின் மடியில் வைத்தாள். கால் நல்ல கனம். நின்ற வருஷமெல்லாம் அதற்குள்தான் இறங்கியிருந்தது. சின்னவள் கட்டைப் பிரிக்கப் பிரிக்கக் கீழே இறங்கினாள், புண்ணைக் கழுவும்போது இன்னும் இறங்கினாள், புதுக் கட்டின் முடிச்சைப் போடும்போது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி புடவையைத் தாண்டி ஏறியது. உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பெரியவள் காலை எடுத்துக்கொண்டாள். மடியிலிருந்து கால்தான் போனது, கனம் போகவில்லை. டீ போட எழுந்த பெரியவள் இரண்டடி வைத்துவிட்டு அவசரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என்னடி இது, கால் இருக்கற மாதிரியே தெரியலையே?" என்றாள். சின்னவள் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். டீயில் சர்க்கரை கூடியிருந்தது, இருவரும் குடித்தார்கள்.

வாக்கெடுப்பன்று ஓட்டுநர் முதல்தடவையாக அமைச்சரை வேன் இருக்கையில் பார்த்தார், பள்ளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஓட்டினார். அவையில் திருத்தத்தை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றதும் பெரிய கட்சி முழுவதும் எழுந்தது. முடிதிருத்துநர் உட்கார்ந்தார். காவலாளி, இஸ்திரிக்காரர், லிஃப்ட்காரர் உட்கார்ந்தார்கள். பழக்கமில்லாததால் கையை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எழுத்தர் சின்னவளிடம் வந்து, குனிந்து, நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தாளை நுழைத்துப் பார்த்தார். தாள் நுழையவில்லை. "உட்கார்ந்திருக்காங்க" என்றார் அவைத் தலைவரிடம். திருத்தம் தோற்றது.

அடுத்து முழுச் சட்டத்துக்கு வாக்கெடுப்பு. தேர்தல் நெருங்கும் நேரத்தில் ஸ்டூலுக்கு எதிராக உட்கார்ந்திருக்கிறார் என்று படம் வந்துவிடுமே என்று இரண்டு பக்கமும் எழுந்தன, பார்க்கலாம்கூட எழுந்தார். சின்னவளால்தான் எழ முடியவில்லை. மடிமேல் கால் அப்படி அழுத்தியது. முடிதிருத்துநர் ஒரு பக்கமும் இஸ்திரிக்காரர் ஒரு பக்கமும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

"மெதுவா" என்றாள் அவள். "அக்கா காலு."

அவர்கள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, மெதுவாகவே தூக்கினார்கள். எண்ணி முடிக்கும்வரை அவள் நின்றாள். அதே நேரத்தில் துணிக்கடையின் இரண்டாம் மாடியில் பெரியவளின் இடது கால் தரையிலிருந்து ஒரு விரற்கடை மேலே இருந்ததாகப் பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள். மேலாளரும் பார்த்தார். தரையில் நிற்க வேண்டும் என்று கடை விதியில் இல்லாததால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரமே சின்னவளின் பதவி போனது. அதற்கடுத்த தேர்தலில் கட்சிக்கு இரண்டு இடம்தான் கிடைத்தது. முடிதிருத்துநர் ஜெயித்தார், சின்னவள் தோற்றாள். ஸ்டூல்கள் வந்தன. சில முதலாளிகள் முழங்கால் உயரம்கூட இல்லாததை வாங்கிப் போட்டார்கள், ஒருத்தர் மூன்று காலில் ஒன்று குட்டையாகப் பார்த்து வாங்கினார். எப்படியோ வந்தன. பெரியவள் முதல் நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஆள் வந்ததும் எழுந்தாள், விரிப்பை எடுத்துக் காட்டினாள், ஆள் போனதும் மறுபடி உட்கார்ந்தாள். சாயங்காலம் தங்கையிடம், "இவ்வளவுதானாடி? இதுக்கா இத்தன வருஷம்?" என்று கேட்டாள். புண் மழைக்காலம் முடிவதற்குள் ஆறிவிட்டது. கால் தங்கியது, வெறும் கால் எவ்வளவு கனமோ அவ்வளவு கனம்தான் இருந்தது.

மிச்சக் கனம் சின்னவளோடு இருந்துவிட்டது. மருத்துவர்கள் எடை பார்த்து எழுதிக்கொண்டார்கள், மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. அவள் பங்களாவைக் காலி செய்து அக்கா வீட்டுக்கே திரும்பினாள், கட்சி அலுவலகத்துக்குப் பேருந்தில் போய்வருகிறாள். அவள் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுகிறார்கள், அவளும் மறுக்காமல் உட்கார்ந்துகொள்கிறாள். கூட்டத்தில் நிற்கிறவர்கள் தங்கள் பையையும் குழந்தையையும் உட்கார்ந்திருப்பவர்களின் மடியில் கொடுத்து வைப்பது அந்த ஊர்ப் பேருந்துகளில் சகஜம். அவளிடம் மட்டும் யாரும் கொடுப்பதில்லை. புதிதாக ஏறிய யாராவது பையை நீட்டினால் நடத்துநர் தடுத்து, "அங்க வேணாம்மா, அவங்க மடியில ஏற்கெனவே ஒருத்தர் கால் நீட்டியிருக்காங்க" என்று சொல்லி, பக்கத்து இருக்கையில் வாங்கி வைத்துவிட்டுச் சீட்டைக் கிழிக்கிறார்.